கடன் கொடுத்த கம்பெனி மூடிவிட்டால் கடன் என்ன ஆகும்?

புதுச்சேரி நகரத்து நிதிக் கம்பெனிகளில் நகையையோ பத்திரத்தையோ வைத்துக் கடன் வாங்கி, பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு பக்கம் நெல்லும் கரும்பும் பயிரிடும் குடும்பங்கள் உண்டு. கம்பெனி நொடித்து, நீதிமன்ற உத்தரவால் கலைக்கப்பட்டால், "கொடுத்தவனே இல்லை, இனி கட்ட வேண்டாம்" என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். வேறு சிலர் ஜப்திக்குப் பயந்து கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார்கள். இரண்டுமே நஷ்டம்தான்.

கடன் யாருக்குப் போகிறது?

கம்பெனி கலைந்தாலும் கடன் கலைவதில்லை. அதை வசூலிக்கும் அதிகாரம் லிக்விடேட்டர் எனப்படும் கலைப்பாளருக்குப் போகிறது. 1962 முதல் புதுச்சேரி, சென்னை உயர் நீதிமன்ற எல்லைக்குள் உள்ளது. 2016 டிசம்பருக்குப் பின் கலைப்பு வழக்குகள் பெரும்பாலும் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குச் செல்கின்றன.

சாதாரணமாக 3 ஆண்டில் காலாவதியாகும் கடன்கூட இங்கே தப்பிப் பிழைக்கும். கலைப்பு மனு போட்ட நாளிலிருந்து உத்தரவு வரும் வரையிலான காலத்தையும், அதன் பின் ஓர் ஆண்டையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறது 2013 கம்பெனிச் சட்டத்தின் 358-வது பிரிவு. அதனால்தான் மறந்துபோன கடனுக்குத் திடீரென்று நோட்டீஸ் வருகிறது.

சலுகைக்கு எங்கே இடம்?

கஷ்டப்படும் கடன்காரருக்குத் தவணை கொடுப்பது புதுச்சேரிக்குப் புதிதல்ல. 1819-இல் இங்கே நடைமுறைக்கு வந்த பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1244-வது பிரிவே, கடன்காரரின் நிலைமையைப் பார்த்து நீதிபதி அவகாசம் தரலாம் என்றது. இன்று அதே வேலையை உரிமையியல் நடைமுறைச் சட்டம் செய்கிறது. தவணையாகக் கட்டவும், வட்டியில்லாமல் கட்டவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். இதைத் தீர்ப்புக்கு முன்பே கேட்க வேண்டும். தீர்ப்பான பிறகு எதிர்த்தரப்பு சம்மதித்தால்தான் தவணை கிடைக்கும்.

வட்டியைக் குறைத்து முடித்துக்கொள்ளும் சமரசத்துக்கும் வழி உண்டு. கம்பெனிச் சட்டம் 343-வது பிரிவின்படி, அனுமதி பெற்றுக் கலைப்பாளர் கடனைச் சமரசம் செய்யலாம்.

விவசாயியின் ஏர், கலப்பை போன்ற கருவிகள், பிழைப்புக்குத் தேவையான மாடு, விதை நெல், குடியிருக்கும் வீடு ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது என்கிறது அதே நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு. ஆனால் அடமானம் வைத்த சொத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

சிறை பயமும் வேண்டாம். ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் கொச்சி வங்கி வழக்கில் 1980-இல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தந்த தீர்ப்பு, கட்ட முடியாத ஏழையை வறுமைக்காகச் சிறையில் தள்ளக் கூடாது என்றது. வசதி இருந்தும் ஏமாற்றுபவருக்கு இது பொருந்தாது.

நீதிமன்றம் முழுக் கடனையும் தள்ளிவிடாததற்குக் காரணம் உண்டு. வசூலாகும் பணத்தில்தான் அந்தக் கம்பெனியில் டெபாசிட் போட்டவர்களுக்குப் பங்கு கிடைக்கும். அவர்களிலும் பெரும்பாலோர் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்த சிறு குடும்பத்தார்.

வாசகர் கேள்வி

கேள்வி: ஒரே கம்பெனியில் ரூ.60,000 கடனும் ரூ.40,000 டெபாசிட்டும் இருந்தால்?

பதில்: இரண்டும் ஒரே பெயரில் இருந்தால், நேர் செய்து மீதி ரூ.20,000-ஐயும் வட்டியையும் மட்டும் கட்டுவதாக எழுதிக் கேட்கலாம். டெபாசிட் மனைவி பெயரிலும் கடன் கணவர் பெயரிலும் இருந்தால் பொதுவாக நேர் செய்ய முடியாது. மனைவி தனியாக உரிமைக் கோரிக்கை கொடுக்க வேண்டும்.

உடனே செய்ய வேண்டியவை

• நோட்டீசைத் திருப்பி அனுப்பாமல் வாங்கி, குறித்த நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும்.
• கட்டிய ரசீதுகள், பாஸ்புக், நகைச் சீட்டு ஆகியவற்றின் நகலை இணைக்க வேண்டும்.
• பயிர் சேதம், வருமானம், அறுவடை மாதம் ஆகியவற்றை எழுதி, அதற்கேற்ற தவணை கேட்க வேண்டும்.
• பழைய ஏஜெண்டு கையில் பணம் தரக் கூடாது. கலைப்பாளர் கணக்கில் கட்டி ரசீது பெற வேண்டும்.
• வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் சட்டப்பணிகள் ஆணையத்தை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச உதவி உண்டு.