படித்தது நினைவில் நிற்க...

தை பிறந்து விட்டால் போதும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் பரீட்சைக் காய்ச்சல் ஆரம்பமாகி விடும். நள்ளிரவு வரை விளக்கு எரியும். ஒரே பாடத்தைப் பத்துத் தடவை படிப்பார்கள். ஆனால் பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைக் கண்டதும், "படித்ததுதான், ஆனால் எழுத வரவில்லையே!" என்று பேனாவைக் கடித்துக் கொண்டு விழிப்பவர்கள் பலர். மதிப்பெண் வந்த பிறகு, பாடுபட்ட பிள்ளைக்கு "மண்டு" என்ற பட்டமும் கிடைக்கிறது.

பெரும்பாலும் குறை மூளையில் இல்லை. படிக்கும் முறையில் இருக்கிறது.

மறதியின் வேகம்

ஜெர்மன் மனோதத்துவ அறிஞர் ஹெர்மான் எபிங்ஹாஸ், மறதியை அளந்து பார்ப்பதற்குத் தம்மையே சோதனைக்கு உள்ளாக்கிக் கொண்டார். பொருளற்ற அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கெடுத்தார். 1885-ல் அதை நூலாக வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் நழுவி விட்டது! அதன் பிறகு மறதியின் வேகம் தணிந்தது.

பொருள் தெரிந்து படித்த பாடம் இவ்வளவு விரைவில் மறக்காது. ஆயினும் மறதி எல்லாருக்கும் பொது. அதை வெல்வது எப்படி?

புத்தகத்தை மூடுங்கள்!

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2006-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மாணவர்கள் ஒரு பகுதியைப் படித்தார்கள். பிறகு சிலர் அதையே மறுபடி படித்தார்கள். மற்றவர்கள், அதைப் பார்க்காமல், நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்த போது, மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ்! மறுபடி படித்தவர்களுக்கு நூற்றுக்கு 42 பங்குதான் நினைவிருந்தது. பார்க்காமல் எழுதியவர்களுக்கோ 56 பங்கு நின்றது.

காரணம் எளிது. தெருவில் எதிர்ப்படுகிறவரின் முகம் தெரிகிறது. பெயர் வாயில் வருவதில்லை அல்லவா? திரும்பத் திரும்பப் படித்த பாடமும் அப்படித்தான். பக்கத்தைப் பார்த்தால் எல்லாம் தெரிந்தது போல் தோன்றும். பரீட்சையிலோ பக்கம் எதிரே இருக்காது.

ஆகையால், பாடத்தைப் பொருள் புரிந்து ஒரு முறை நிதானமாகப் படிக்க வேண்டும். உடனே புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் உள்ளதை எழுத வேண்டும். பிறகு ஒப்பிட்டு, விட்டுப் போனதை மட்டும் மறுபடி படித்தால் போதும். கணக்கானால் விடையை மறைத்துக் கொண்டு போட வேண்டும். இதயத்தின் படத்தைப் பார்க்காமல் வரைந்து, பாகங்களைக் குறிக்க வேண்டும். பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்துக் கொண்டு எழுதிப் பழகுவது இன்னும் நல்லது.

விட்டு விட்டுப் படித்தல்

ஒரே நாளில் ஆறு மணி நேரம் படிப்பதைவிட, அதையே பல நாட்களுக்குப் பங்கிட்டுக் கொள்வது மேல். இன்று படித்ததை நாளை ஒரு தடவையும், நான்காம் நாள் ஒரு தடவையும், அடுத்த வாரம் ஒரு தடவையும் பார்க்காமல் சொல்லிப் பார்க்கலாம். ஒவ்வொரு தடவையும் நேரம் குறையும், நினைவு உறுதிப்படும்.

தூக்கத்தைக் கெடுத்துக் கொள்வது பெருந்தவறு. பகலில் கற்றதை மூளை பதிய வைத்துக் கொள்வதற்குத் தூக்கம் உதவுகிறது. பரீட்சைக்கு முதல் நாள் இரவு கண் விழிப்பவன், சேர்த்த பொருளைத் தானே கொட்டி விடுகிறான்.

பிறருக்குச் சொல்லுதல்

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில், மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், எழும்பூரில் தம் பொறுப்பிலிருந்த அனாதைப் பள்ளியில் அம்முறையைப் புகுத்தினார். மாணவர்களே மாணவர்களுக்குக் கற்பிக்கவும் செய்தார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். "சென்னை முறை" என்ற பெயருடன் அது இங்கிலாந்தில் பரவியது. பிறருக்குச் சொல்லும் போதுதான் தனக்கு எது தெரியாது என்பது வெளிப்படும்.

பெற்றோர் கடமை

இதற்கு டியூஷன் பணம் வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் உதவ முடியும். "இன்று என்ன படித்தாய்? எனக்குப் புரியும்படி சொல்லு" என்று அடுப்படியில் இருந்தபடியே கேட்டால் போதும். பிள்ளை தடுமாறினால் அதட்டக் கூடாது. தடுமாறிய இடமே மறுபடி படிக்க வேண்டிய இடம். அதை வீட்டில் கண்டு கொண்டவர்கள், பரீட்சை மண்டபத்தில் கலங்க வேண்டியதில்லை.