மெயினை அணைத்தாலும் மாடியில் மின்சாரம் இருக்கும்



மத்திய அரசின் வீட்டு சோலார் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிறகு, மொட்டை மாடியில் பேனல் வைப்பவர்கள் பெருகி வருகிறார்கள். 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. கரண்ட் பில்லும் குறைகிறது. ஆனால் அவசரத்துக்கு அதை எப்படி நிறுத்துவது என்று பல வீடுகளில் ஒருவருக்கும் தெரிவதில்லை. ஆண்கள் வெளிநாட்டில் இருக்க, பெண்களும் பெரியவர்களும் மட்டும் இருக்கும் வீடுகள் நம்மிடையே அதிகம். மழைக்காலம் வருமுன் வீட்டில் உள்ள எல்லோரும் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

மெயினை அணைத்தால் பேட்டரி இல்லாத சாதாரண சோலார் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். ஆனால் பேனலை அணைக்க சுவிட்ச் கிடையாது. வெளிச்சம் பட்டால் அதில் மின்சாரம் உண்டு. 540 வாட் பேனல் ஒன்று சுமார் 49 வோல்ட் தரும். 3 கிலோவாட்டுக்கு இப்படி ஆறு பேனல்களை வரிசையாக இணைத்தால் ஏறக்குறைய 300 வோல்ட்! உயிரைப் பறிக்க இது போதும்.

இது டிசி மின்சாரம். வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்துக்கு வந்து போவதால், இணைப்பைப் பிரிக்கும்போது வரும் பொறி எளிதில் அணைந்துவிடும். டிசியில் பொறி விடாமல் எரியும். ஓடிக்கொண்டிருக்கும்போது பேனல் வயரின் பிளக்கைப் பிடுங்கினால் கை வெந்துவிடும், தீயும் பிடிக்கலாம்.

நிறுத்தும் வரிசை

1. முதலில் இன்வெர்ட்டருக்கான ஏசி பிரேக்கரை அணையுங்கள்.
2. அடுத்து, பேனல் வயர் வந்து சேரும் டிசி ஐசோலேட்டரை அணையுங்கள்.
3. பேட்டரி இருந்தால் அதன் பிரேக்கரையும் அணையுங்கள்.
4. இன்வெர்ட்டரின் விளக்குகள் அணைந்த பிறகும் குறைந்தது 5 நிமிடம் அதைத் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

மீண்டும் போடும்போது இதற்குத் தலைகீழ் வரிசை. உங்கள் இன்வெர்ட்டரின் கையேட்டில் வேறு வரிசை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும், பேனலிலிருந்து ஐசோலேட்டர் வரையுள்ள வயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஆகவே தளம் ஒழுகுகிறது, பெயின்ட் அடிக்க வேண்டும் என்று பேனலை நாமே கழற்றக் கூடாது. சோலார் வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனைத்தான் அழைக்க வேண்டும். அவரும் எர்த் வயரைக் கடைசியாகத்தான் கழற்ற வேண்டும். பேனலைக் கழுவுவது என்றால் அமைப்பை நிறுத்திவிட்டு, வெயில் ஏறுமுன் காலையிலோ அஸருக்குப் பிறகோ, இரும்புக் கைப்பிடி இல்லாத பிரஷ்ஷால் கழுவுங்கள். லுஹர் வெயிலில் சுட்ட கண்ணாடி மீது குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம்.

எர்த்திங் சரியாக இருக்கிறதா?

வயரின் உறை கிழிந்து பேனல் சட்டத்தில் பட்டால், அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் முழுவதும் ஷாக் அடிக்கும். துணி காயப்போட அந்தச் சட்டத்தில் கம்பிக் கொடி கட்டியிருந்தால் கொடியைத் தொடுபவருக்கும் ஆபத்து. அங்கே கொடி கட்டவே வேண்டாம்.

பேனல்களுக்கும் சட்டத்துக்கும் ஒன்று, இன்வெர்ட்டரின் ஏசி பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என மூன்று எர்த் குழிகள் போடுவது வழக்கம். பேனல் சட்டம் அலுமினியம். அதன் மேற்பூச்சு மின்சாரத்தைத் தடுக்கும். போல்ட் போட்டு இறுக்கியிருப்பதே எர்த் ஆகிவிடாது. ஒவ்வொரு பேனலிலும் எர்த் வயர் தனியாக இணைக்கப்பட்டிருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயில் எர்த் கொடுத்திருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை எர்த் ரெசிஸ்டன்ஸ் அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் இருப்பது நல்லது. கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் இணைப்புகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மழையிலும் புயலிலும்

மின்னல் வருமுன்பே அமைப்பை நிறுத்திவிடுங்கள். மின்னும்போது மாடிக்குப் போகாதீர்கள். இன்வெர்ட்டர் இருக்கும் இடத்தில் வெள்ளம் புகுந்துவிட்டால் தண்ணீரில் நின்று எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். காற்றில் பேனல் பறந்து விழுந்தாலும் வயர் அறுந்து கிடந்தாலும் பகலில் அதில் மின்சாரம் இருக்கும். குழந்தைகளை அண்ட விடாதீர்கள்.

யாருக்காவது ஷாக் அடித்தால் வெறுங்கையால் பிடித்து இழுக்காதீர்கள். சுவிட்சுகளை அணைத்து, காய்ந்த மரக்கட்டையால் அவரை விலக்கி, 108-ஐ அழையுங்கள்.

பேனல் வைத்தவரை இந்த வாரமே வரச்சொல்லுங்கள். எந்த சுவிட்ச் எது என்று வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் காட்டச் சொல்லி, ஒவ்வொன்றின் மேலும் 1, 2, 3 என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.