கணினிக்கு மணி சொல்லும் தன்னார்வலர்கள்

மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோன பழைய கணினியை ஆன் செய்தால், தேதி பல வருடங்கள் பின்னால் போயிருக்கும். அந்த நிலையில் வங்கியின் இணையதளத்தைத் திறந்தால் 'பாதுகாப்பில்லாத இணைப்பு' என்று சொல்லி பிரவுசர் உள்ளே விடாது. தளத்தில் கோளாறு எதுவும் இல்லை. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. தவறான தேதியில் ஓடும் கணினியைப் பொறுத்தவரை அந்தச் சான்றிதழ் இன்னும் வழங்கப்படவே இல்லை!

பேட்டரி நன்றாக இருந்தாலும், கணினிக்குள் இருக்கும் மலிவான குவார்ட்ஸ் படிகம் சூட்டுக்கும் குளிருக்கும் ஏற்றபடி முந்தும், பிந்தும். வெளியிலிருந்து யாராவது அவ்வப்போது சரியான மணி சொல்லியாக வேண்டும். அதற்கான 'என்டிபி' முறையை 1985-இல் உருவாக்கியவர், பின்னாளில் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டேவிட் மில்ஸ். பிறவியிலேயே கண் அழுத்த நோயால் பார்வை குன்றியவர். 2024 ஜனவரியில் காலமானார்.

அவர் தீர்த்த சிக்கல் அழகானது. சர்வரிடம் மணி கேட்டால், பதில் வந்து சேர்வதற்குள் நேரம் நகர்ந்துவிடுகிறது. அப்படியானால் அந்தப் பதிலை எப்படி நம்புவது? உங்கள் கணினி தன் கடிகாரப்படி சரியாக 10 மணிக்குக் கேள்வியை அனுப்புகிறது என்று வையுங்கள். சர்வரின் கடிகாரத்தில் அது 10 மணிக்கு மேல் 240 மில்லிவினாடியில் வந்து சேர்கிறது. 241-இல் பதில் கிளம்புகிறது. உங்கள் கடிகாரத்தில் பதில் வந்த நேரம் 81. போய்வர ஆனது 81, அதில் சர்வர் எடுத்துக்கொண்டது 1. ஆக, பயணம் மட்டும் 80 மில்லிவினாடி. ஒரு வழிக்கு 40 என்று கொண்டால், 240-இல் சேர்ந்த கேள்வி 200-இல் புறப்பட்டிருக்க வேண்டும். உங்கள் கடிகாரமோ அப்போது பூஜ்யம் காட்டியது. 200 மில்லிவினாடி பின்தங்கியிருக்கிறது, திருத்திக்கொள்ளலாம். இவ்வளவுக்கும் பரிமாறப்படுவது போக 48 பைட், வர 48 பைட்.

இந்தப் பதிலைச் சொல்வது யார்? மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், கூகுள் ஆகியவை சொந்தமாக நேர சர்வர்கள் வைத்திருக்கின்றன. டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் கணினிகளும் எண்ணற்ற சிறு கருவிகளும் 'என்டிபி பூல்' என்ற தன்னார்வத் திட்டத்தை நாடுகின்றன. ஆட்ரியன் ஃபான் பிடர் 2003 ஜனவரியில் இதைத் தொடங்கினார். 2005 முதல் ஆஸ்க் பியோர்ன் ஹான்சன் கவனித்துவருகிறார். உலகெங்கும் தனியாட்களும் கல்லூரிகளும் சிறு நிறுவனங்களும் நடத்தும் சில ஆயிரம் சர்வர்கள் இதில் உள்ளன. கேட்பவருக்கு அருகிலுள்ள சில சர்வர்களின் முகவரியை மாற்றி மாற்றித் தந்து சுமையைப் பங்கிடுவதுதான் பூலின் வேலை.

பங்கிடாவிட்டால் என்ன ஆகும் என்பது அதே 2003-இல் தெரிந்தது. நெட்கியர் நிறுவனத்தின் சில வீட்டு ரவுட்டர்களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் நேர சர்வர் முகவரி நிரந்தரமாகப் பதிக்கப்பட்டிருந்தது. பதில் வராவிட்டால் வினாடிக்கு ஒரு முறை கேட்டுக்கொண்டே இருக்கும்படி நிரலும் எழுதப்பட்டிருந்தது. உச்சத்தில் வினாடிக்கு இரண்டரை லட்சம் கேள்விகள் அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் கொட்டின. விற்றுப்போன கருவிகளைத் திரும்பப் பெறவா முடியும்?

பூலில் சேர்வது எளிது, ஆனால் நிபந்தனைகள் உண்டு. மாறாத ஐபி முகவரி வேண்டும். உங்கள் சர்வர் தன் நேரத்தைப் பூலிலிருந்தே எடுக்கக் கூடாது. ஜிபிஎஸ் கருவியிடமிருந்தோ, தேர்ந்தெடுத்த நாலைந்து நல்ல சர்வர்களிடமிருந்தோ பெற வேண்டும். கண்காணிப்பு நிலையங்கள் அடிக்கடி சோதித்து மதிப்பெண் போடும். உச்சம் 20. பத்துக்குக் கீழே இறங்கினால் உங்கள் முகவரியை யாருக்கும் தரமாட்டார்கள். தேறியதும் தானாகவே மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். யாரையும் நம்பாமல் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் இந்த ஏற்பாடுதான் சம்பளமில்லாத ஒரு வலையமைப்பை இருபது ஆண்டுகளுக்கு மேல் நிற்க வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

பூலின் ஜெர்மனி மண்டலத்தோடு ஒப்பிட்டால் இந்திய மண்டலத்தில் சர்வர்கள் மிகக் குறைவு, கருவிகளோ ஏராளம். இருக்கிற சில பேர் மேல்தான் அவ்வளவு சுமையும் விழுகிறது. நிலையான ஐபி இணைப்பு வைத்திருக்கும் பொறியியல் கல்லூரிகளும் உள்ளூர் இணையச் சேவை நிறுவனங்களும் தலைக்கு ஒன்று நடத்தினாலே நிலைமை மாறும். எவ்வளவு சுமை தாங்குவோம் என்பதை நாமே குறிப்பிடலாம் என்பதால் குறைந்த அளவில் தொடங்குவது நல்லது. கேமராவும் ரவுட்டரும் தயாரிப்பவர்கள் தங்களுக்கெனத் தனி மண்டலப் பெயரைப் பூலிடம் கேட்டுப் பெற்றுப் பயன்படுத்த வேண்டும்.

சேர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூலிலிருந்து விலகிய பிறகும் கேள்விகள் உடனே நிற்காது. பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கும் கருவிகள் மாதக்கணக்கில் தட்டிக்கொண்டே இருக்கும். சில ஆண்டுகளாவது தொடர்ந்து நடத்த முடியும் என்றால் மட்டும் பெயர் கொடுங்கள்.