ஆப்பிள் வரி குறைந்தால் மலைத்தோட்ட விவசாயிக்கு நஷ்டமா?

சென்னை ராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் நோயாளியைப் பார்க்கச் செல்வோர் ஒரு கிலோ ஆப்பிளாவது வாங்கிக்கொண்டு போவது வழக்கம். பழ வண்டிக்காரர் வெளிநாட்டுப் பழத்துக்கு ஒரு விலை, சிம்லா பழத்துக்கு ஒரு விலை சொல்வார். வெளிநாட்டுப் பழத்தின் விலையில் சுங்க வரியும் அடங்கியுள்ளது. அந்த வரியைக் குறைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததும், கொடைக்கானல், நீலகிரி மலைகளில் பிளம்ஸ், பேரி பயிரிடுவோர் கலங்குவது இயற்கையே. கணக்கைச் சற்றுப் பார்ப்போம்.

சுங்க வரி கடை விலையின் மீது விதிக்கப்படுவதன்று. கப்பல் கூலி, இன்சூரன்ஸ் சேர்த்துத் துறைமுகத்தில் உள்ள விலையின் மீதே விதிக்கப்படுகிறது. அந்த விலை கிலோ 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரி 50 சதவிகிதமானால் அடக்கம் 120 ரூபாய். 70 சதவிகிதமானால் 136 ரூபாய். அதற்கு மேல் குளிர்பதனக் கிடங்கு வாடகை, மண்டி கமிஷன், அழுகல் கழிவு, சில்லறை வியாபாரியின் லாபம் எல்லாம் சேர்ந்து கடையில் 200 ரூபாய்க்கு விற்கலாம். வரி 20 சதவிகிதம் குறைந்தால் இதில் இறங்கக்கூடியது 16 ரூபாய்தான். அதுவும் இடையில் உள்ளவர்கள் விட்டுக்கொடுத்தால்!

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்க ஆப்பிள். நம் உருக்கு, அலுமினியத்தின் மீது அமெரிக்கா வரி போட்டதற்குப் பதிலடியாக, 2019 ஜூனில் அந்நாட்டு ஆப்பிளுக்கு மட்டும் கூடுதலாக 20 சதவிகிதம் விதிக்கப்பட்டது. 2018-19-ல் 1,27,908 டன்னாக இருந்த அமெரிக்க ஆப்பிள் வரத்து 2022-23-ல் 4,486 டன்னாகச் சுருங்கிப் போயிற்று. ஆனால் சந்தை காலியாகவில்லை. துருக்கி, ஈரான், இத்தாலி, சிலி, நியூசிலாந்து பழங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. மற்ற நாடுகளிலிருந்து வந்த ஆப்பிளின் மதிப்பு இதே காலத்தில் 16 கோடி டாலரிலிருந்து 29 கோடி டாலராக உயர்ந்தது. 2023 செப்டம்பரில் கூடுதல் வரி நீக்கப்பட்டது. ஒரு நாட்டுப் பழத்துக்கு மட்டும் போடும் வரி பழம் வரும் ஊரை மாற்றுகிறதே தவிர, நம் விவசாயிக்கு விலையைத் தாங்கிப் பிடிப்பதில்லை.

எல்லா நாடுகளுக்கும் பொதுவான கட்டுப்பாட்டின் கதை வேறு. கிலோவுக்கு 50 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள ஆப்பிளை இறக்குமதி செய்யக்கூடாதென்று 2023 மே மாதம் மத்திய அரசு உத்தரவிட்டது. பூட்டானுக்கு மட்டும் விலக்கு. 30 ரூபாய்ப் பழத்துக்கு 50 சதவிகித வரி கட்டினால் 45 ரூபாயில் வேலை முடிந்துவிடும். இந்த உத்தரவுக்குப் பின் அதே வரியில் அடக்கம் 75 ரூபாய்க்குக் கீழே இறங்க வழியில்லை.

வரியைத் தொடாமலேயே விலை ஏறுவதும் உண்டு. 2015 செப்டம்பரில் ஆப்பிள் இறக்குமதியை மும்பை அருகே நவ ஷேவா துறைமுகத்துக்கு மட்டும் ஒதுக்கினார்கள். சென்னைக்குப் பழம் லாரியில் வர வேண்டியதாயிற்று. வாடகை யார் தலையில் விழும்? 2016 ஜனவரியில் சென்னைத் துறைமுகம் மீண்டும் திறந்துவிடப்பட்டது.

பிளம்ஸ் விவசாயி கவனிக்க வேண்டியது பருவத்தை. நம் மலைப் பிளம்ஸ் சந்தைக்கு வருவது பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில். அப்போது காஷ்மீர், சிம்லா ஆப்பிளின் புதுப் பழம் கிடையாது. சிலி, நியூசிலாந்தில் அறுவடையான பழம்தான் கப்பலில் வந்து இறங்கும். அமெரிக்காவில் அறுவடை இலையுதிர் காலத்தில். 2019-ல் ஏறி 2023-ல் இறங்கிய அந்த வரி, பிளம்ஸ் பருவத்தில் போட்டியிடும் சிலி, நியூசிலாந்துப் பழத்தைத் தொடவே இல்லை.