பிறந்தநாளுக்கு ஒரு பொம்மை விழா

நம் லிங்கராஜபுரத்தில் குழந்தையின் பிறந்தநாளைப் பொம்மை விழாவாகக் கொண்டாட விரும்பும் பெற்றோர், பொம்மைகளைத் தேடி வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. மைசூர் இரயில் பாதையில் சுமார் 60 கி.மீ. தொலைவில் சென்னபட்டணம் இருக்கிறது. அங்கே வெட்பாலை மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படிகிறது. தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும்.

வாங்கும்போது ஓர் அளவு நினைவிருக்கட்டும். 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள உருளை ஒன்று உண்டு. அதற்குள் முழுதும் அடங்கும் பொருள் தொண்டையை அடைக்கக்கூடும். வெடித்த பலூன் துண்டுகளும் ஆபத்தானவை, உடனே பொறுக்கிவிடுங்கள்.

விழாவில் பம்பரம், கிலுகிலுப்பை, நடைவண்டி, சொப்பு ஆகியவற்றைப் பரப்பி வைத்து, குழந்தைகளைப் பெயர் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பேசும் நம் பேரப்பிள்ளைகளுக்கு இச்சொற்கள் வீட்டில்தான் கிடைக்கும். பக்கத்து வீட்டுக் கன்னடக் குழந்தை பம்பரத்தை 'புகுரி' என்றால், அதையும் நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும். விடைபெறும்போது, 3 வயது கடந்தவர்களுக்கு ஆளுக்கொரு பம்பரம் கொடுத்தனுப்பலாமே!