மாயக்கதையும் அதன் கட்டுப்பாடும்

சென்ற திங்கள் எங்கள் பள்ளி ஐந்தாம் ஆண்டு மாணவரிடம், "எனக்கு மாயசக்தி கிடைத்தால்" என்னும் தலைப்பில் கற்பனைக் கட்டுரை எழுதச் சொன்னேன். பதினெட்டு ஏடுகள் வந்தன. அவற்றுள் பதினான்கில் இருந்தது ஒரே கதை. வழியில் ஒரு முதியவர் தோன்றுகிறார்; மந்திரக்கோல் ஒன்றைத் தருகிறார்; மாணவன் ஏழைகளுக்கு வீடு கட்டித் தருகிறான், நோயாளரைக் குணப்படுத்துகிறான்; முடிவில் அம்மா வந்து தட்டி எழுப்புகிறார். கண்டதெல்லாம் கனவு!

பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. அந்தச் சட்டத்தைச் செய்து அவர்கள் கையில் கொடுத்தவர்கள் நாம்தாம். ஆறாம் ஆண்டுத் தேர்வில் புள்ளி தவறாமல் இருக்கப் பல ஆண்டுகள் அதையே பழக்கினோம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. சட்டம் மட்டும் நீங்கவில்லை.

மாயக்கதை என்றால் அதில் எதுவும் நடக்கலாம் என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். மண்ணில் கால் பதிந்த கதைக்குத்தான் கட்டுப்பாடு வேண்டும், மந்திரக் கதைக்கு வேண்டுவதில்லை என்பது அந்த எண்ணம். உண்மை இதற்கு நேர்மாறானது. ஒரு கதையில் எதுவும் நடக்கலாம் என்றால், அங்கு எது நடந்தாலும் நமக்குக் கவலையில்லை. கோலை அசைத்ததும் வீடு எழும்பும் ஊரில், வீடில்லாதவன் துயரை யார் நின்று கேட்பார்?

இவ்வகைக் கதை மேனாட்டாரிடமிருந்து வந்தது என்று கருதுவோரும் உளர். தொல்காப்பியர் செய்யுளியலில் உரைநடையின் வகைகளைக் கூறும்போது, பொருள் மரபு இல்லாத பொய்ம்மொழிக்கும் ஓரிடம் அளித்துள்ளார். அதற்கு விளக்கம் கூற வந்த பேராசிரியர், ஒரு யானையும் ஒரு குருவியும் நட்புக் கொண்டு, இன்ன இடத்துக்குச் சென்று இன்னது செய்தன என ஒருவர்க்கு ஒருவர் தொடர்ந்து உரைத்து வரும் கதையைக் காட்டுகிறார். நம் இலக்கண நூலார் இதனை ஒதுக்கவில்லை. உலகில் இல்லாதது எனத் தெரிந்தே அதற்கும் ஒரு பெயர் இட்டனர். தமிழாசிரியர் இதனை மாணவர்க்கு ஒரு முறையேனும் எடுத்துரைத்தல் நன்று.

இனிக் கட்டுப்பாடு என்று எதனைச் சொல்கிறேன் என்பதைக் காண்போம். நம் எல்லோருக்கும் தெரிந்த வேதாளத்தையே எடுத்துக்கொள்வோம்.

பதினோராம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் வடமொழியில் தொகுத்த கதாசரித்சாகரத்தில் வேதாளக் கதைகள் இருபத்தைந்து உள்ளன. துறவி ஒருவன் அரசனுக்கு நாள்தோறும் ஒரு பழம் தருகிறான். பழத்தினுள் மணி இருப்பது பின்னர்த் தெரிய வருகிறது. அந்தக் கடனுக்காக அரசன் இரவில் சுடுகாடு சென்று, மரத்தில் தொங்கும் பிணத்தை இறக்கித் தோளில் இட்டு நடக்கிறான். பிணத்துள் இருக்கும் வேதாளம் கதை சொல்கிறது; கதையின் முடிவில் ஒரு கேள்வி கேட்கிறது. இங்குதான் விதி வருகிறது. விடை தெரிந்தும் அரசன் வாய் திறவாதிருந்தால் அவன் தலை வெடிக்கும். வாய் திறந்தாலோ பிணம் மீண்டும் மரமேறிவிடும்.

இவ்விதி எவ்வளவு சிறியது, எவ்வளவு கூரியது என்று பாருங்கள். அரசனிடம் வாள் உண்டு, அஞ்சா நெஞ்சம் உண்டு, அறிவும் உண்டு. அவ்வறிவே அவனை மடக்குகிறது. மூடனாக இருந்திருந்தால் முதல் நடையிலேயே வேலை முடிந்திருக்கும்! தெரிந்ததைச் சொல்லாதிருப்பது குற்றம், சொன்னால் உழைப்பெல்லாம் வீண் என்னும் இடுக்கில் ஒரு நல்ல மனிதனை நிறுத்துகிறது இந்தக் கதை. வேதாளம் பறக்கிறது என்பதைவிட அரசன் திரும்பி நடக்கிறான் என்பதே நம் மனத்தில் நிற்கிறது.

அக்கதை முடியும் முறையும் அதே விதியிலிருந்தே பிறக்கிறது. தந்தை மகளையும், மகன் அவள் தாயையும் மணந்துகொண்டால், இரு வழியிலும் பிறக்கும் பிள்ளைகள் ஒருவர்க்கொருவர் என்ன முறை என்று கடைசியில் வேதாளம் கேட்கிறது. அரசனுக்கு விடை தெரியவில்லை. தெரியாதவன் பேசாதிருந்தால் தலை வெடிப்பதில்லை அன்றோ? அவன் மௌனமாக நடக்கிறான். வேதாளம் மகிழ்ந்து, துறவியின் வஞ்சகத்தை வெளிப்படுத்துகிறது. புதிய மந்திரம் எதுவும் கொண்டுவரப்படவில்லை. முதலில் இட்ட முடிச்சே முடிவில் அவிழ்கிறது. மாணவர்க்குக் கதையமைப்புக் கற்பிக்க இதைவிடச் சிறந்த பாடம் வேண்டியதில்லை.

இந்தப் பழைய சட்டத்தை எடுத்து இருபதாம் நூற்றாண்டில் புதிய கதைகள் புனைந்தது 'அம்புலிமாமா'. நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 சூலையில் சென்னையில் தமிழிலும் தெலுங்கிலும் அதனைத் தொடங்கினர். ('பாதாள பைரவி', 'மாயா பஜார்' ஆகிய படங்களை எடுத்தவர்களும் இவர்களே, மாயம் அவர்களுக்குக் கைவந்த தொழில் போலும்.) இருபத்தைந்து கதை எத்தனை திங்களுக்கு வரும்? அவை தீர்ந்த பின் அதே முருங்கை மரம், அதே வேதாளம், அதே கேள்வி என்று வைத்துக்கொண்டு, உள்ளே வரும் கதைகளைப் புதியனவாக ஆக்கிப் பல்லாண்டு நடத்தினர். விடையை நன்கு வாதிடத்தக்க ஒரு கேள்வியைத் திங்கள்தோறும் கண்டுபிடிப்பது எளிதன்று. ஐயமுள்ளோர் ஒன்றை ஆக்கிப் பார்க்கலாம்.

1952 முதல் 1980இல் மறையும் வரை அதன் ஆசிரியப் பொறுப்பில் இருந்தவர் கொடவட்டிகண்டி குடும்பராவ். தெலுங்கில் நடுத்தரக் குடும்ப வாழ்வை உள்ளபடி எழுதிப் பெயர் பெற்றவர் அவர், சமதருமக் கொள்கையர். பேய் பிசாசில் நம்பிக்கையில்லாத அவர் கைதான் வேதாளத்தைப் பேச வைத்தது. நடப்பியல் எழுத்தாளன் மாயக்கதையைத் தொடலாகாது என்பார்க்கு இவரே விடை. நம்பிக்கை வேறு, கதையின் ஒழுங்கு வேறு.

அவ்விதழில் வந்த தொடர்கதைகளை எழுதியவரைப் பற்றித்தான் சற்று நின்று பேச விரும்புகிறேன். அவர் பெயர் தாசரி சுப்பிரமணியம். 1954இல் வால்மீனைப் பெயராகக் கொண்ட தொடரில் தொடங்கி, 1978 வரை பன்னிரண்டு மாயத் தொடர்களை அவர் தெலுங்கில் எழுதினார். வெண்கலக் கோட்டை, பாதாளக் கோட்டை, அரக்கர் பள்ளத்தாக்கு, கல் தேர் என அவை விரிந்தன. தெலுங்கிலிருந்து பெயர்க்கப்பட்டு அவை பிற மொழிகளிலும் வந்தன. படித்த சிறுவர் எத்தனையோ பேர். எழுதியவர் யாரென அறிந்தவர் மிகச் சிலர். ஏனெனில் கதைகளின் மேல் அவர் பெயர் அச்சிடப்படவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவ்வலுவலகத்திலேயே பணிபுரிந்தார். முதுமையில்தான், இளமையில் அக்கதைகளைப் படித்து வளர்ந்தோர் அவரைத் தேடிக் கண்டனர். 2010இல் அவர் மறைந்தார்.

அதே இதழில் விக்கிரமன் பிணத்தைத் தோளில் சுமந்து வாளேந்தி நடக்கும் ஓவியத்தை வரைந்தவர் 'சங்கர்' எனக் கையெழுத்திட்ட கே. சி. சிவசங்கரன். தமிழர், 2020இல் மறைந்தார், அவர் மறைவுக்குப் பின் 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஓவியர்க்கு ஓவியத்தின் அடியில் கையெழுத்திட இடம் இருந்தது. கதை எழுதியவர்க்கு இல்லை.

அந்தக் கதைகளை நான் படித்தது தோட்டத்து லயத்தில். அப்பா மாதம் ஒருமுறை ஈப்போ சென்று திரும்பும்போது, மளிகைப் பையின் அடியில் ஓர் இதழ் இருக்கும். சில மாதம் இராது. இல்லாத மாதத்தில், விட்ட இடத்திலிருந்து தொடர்கதையை நாங்களே வளர்த்துக்கொள்வோம். இப்பொழுது எண்ணிப் பார்த்தால் அதுவே எனக்குக் கிடைத்த முதல் பயிற்சி எனத் தோன்றுகிறது. நாங்கள் எதை வேண்டுமானாலும் சேர்க்க முடியவில்லை. அரக்கனுக்கு ஒற்றைக் கண் என்றால் அடுத்த மாதமும் ஒற்றைக் கண்தான். இரண்டு என்று சொன்னவனை மற்றவர் விடமாட்டார்.

இதே கருத்தை ஆக்சுபோர்டுப் பேராசிரியர் டோல்கீன் 1939இல் தேவதைக் கதைகள் பற்றி ஆற்றிய உரையில் விளக்கினார். பச்சை நிறச் சூரியன் என்று யாரும் சொல்லிவிடலாம். அச்சூரியனை நம்பத்தக்கதாக ஆக்கும் உலகைப் படைப்பதற்கே உழைப்பும் சிந்தனையும் வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் 1937இல் எழுதத் தொடங்கிய பெருங்கதை 1954, 1955 ஆண்டுகளில்தான் நூலாக வந்தது. அத்துணைக் காலமும் அவருக்குச் சோறிட்டது பேராசிரியர் வேலை. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968இல் வெளியிட்ட மந்திரவாதிக் கதையில், ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவனுக்கே அதன்மேல் ஆற்றல் உண்டு. ஓரிடத்தில் மழையை வருவித்தால் வேறோரிடத்தில் வறட்சி வரலாம். ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு விலை இருக்கிறது.

நம் நாட்டு நிலை என்ன? 1950இல் 'தமிழ் நேசன்' நாளிதழ் கதை வகுப்பு ஒன்று நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ஏட்டின் வழியே கதை எழுதக் கற்பித்தனர். அவ்வாண்டுகளில் 'தமிழ் முரசு' தன் மாணவர் மணிமன்றத்தின் வழி இளையோரை எழுத வைத்தது. அக்காலத்து எழுத்தாளர் கண்முன் இருந்தவை பால்மரமும், கங்காணியும், சப்பானியர் காலத்துச் சயாம் மரண இரயில்வேயும். சொல்ல வேண்டிய துன்பம் அவ்வளவு இருந்தபோது கோட்டையும் குகையும் எழுத யாருக்கு மனம் வரும்? அவர்கள் செய்தது சரியே. ஆயினும் அதிலிருந்து, உள்ளதை உள்ளபடி எழுதுவதே இலக்கியம், மற்றது சிறுபிள்ளை வேலை என்றொரு வழக்கமும் நம்மிடம் ஊன்றிவிட்டது. தமிழகத்திலோ வாண்டுமாமா சிறுவர்க்கென்றே மாயக்கதைகளை வாழ்நாள் தொழிலாக எழுதி வந்தார். ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' 1997இல் பெரியோர்க்கான பெருநாவலாக வந்தது. இங்கு அந்த வழியில் செல்வார் குறைவு.

தொழிலாக இதை மேற்கொள்ளலாமா என இளம் ஆசிரியர் சிலர் என்னைக் கேட்பதுண்டு. மலேசியாவில் தமிழில் கதை எழுதி மட்டும் குடும்பம் நடத்தியவர் அரியர். பள்ளி வேலையை விட வேண்டா. மாலையில் இரண்டு மணி நேரத்தைப் பிறர்க்குக் கொடுக்க வேண்டா என்றே சொல்வேன். பிறகு, எழுதியதன்மேல் உங்கள் பெயரை அச்சிடுகின்றார்களா என்று பார்த்துக் கொடுங்கள் என்பேன்.

இவ்வளவும் சொன்ன நான் செய்த பிழை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தலைமையாசிரியர் ஆவதற்கு முன், வேறொரு தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கட்டுரை எழுதித் தந்தான். அவன் தாத்தா மரம் சீவுபவராக இருந்து இறந்தவர். விடியற்காலை இருட்டில் அவருடைய நெற்றி விளக்கு மட்டும் தனியே நடந்து வருகிறது. தோட்டத்தில் அதற்குள் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுவிட்டனர். ஆனால் விளக்கு செம்பனையைப் பார்த்து நடப்பதில்லை. பழைய நிரையிலேயே, மரம் இருந்த இடந்தோறும் நின்று, குனிந்து, பின் அடுத்த இடத்துக்குச் செல்கிறது. இவ்வளவுதான் கதை. கனவு என்று முடிக்கவில்லை. அம்மா வந்து எழுப்பவில்லை.

பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த எனக்கு, மதிப்பீட்டுப் பட்டியலில் அதற்கு இடம் தெரியவில்லை. "நம்பத்தக்கதாக இல்லை, முடிவு இல்லை" எனச் சிவப்பு மையில் எழுதினேன். அடுத்த முறை அவன் முதியவரையும் மந்திரக்கோலையும் எழுதிக் கொண்டு வந்தான். நல்ல புள்ளி கொடுத்தேன்.

குனிந்து நிமிரும் அவ்விளக்கு இன்றும் என் கண்ணில் நிற்கிறது. பதினான்கு ஒரே கதைகளைத் திருத்திய மறுநாள், அந்த வகுப்பில் அதனைச் சொன்னேன். யார் எழுதியது என்பதையும் நான் என்ன எழுதினேன் என்பதையும் சேர்த்தே சொன்னேன். பிறகு, "அடுத்து என்ன நடந்தது?" என்று கேட்கவில்லை. "இந்த விளக்கால் என்ன செய்ய முடியாது?" என்று கேட்டு, ஒரு வரி எழுதச் சொன்னேன்.

வகுப்பு நெடுநேரம் அமைதியாக இருந்தது. அதனால் நேராக நடக்க முடியாது என ஒருவன் எழுதினான். தன் நிரையைவிட்டு அடுத்தவர் நிரைக்குப் போக முடியாது என இன்னொருவன் எழுதினான். பின்வரிசையில் ஒரு சிறுமி, மழை பெய்த நாளில் விளக்கு வரமுடியாது என்று எழுதியிருந்தாள். அவள் பிறந்தது வீடமைப்புப் பகுதியில். மரம் சீவுவதைக் கண்ணால் கண்டதில்லை. மழை நாளில் ஏன் வராது என்று கேட்டேன்.

"பட்டை ஈரமா இருந்தா மரம் வெட்ட மாட்டாங்க சார். பாட்டி சொல்லியிருக்காங்க. அன்னைக்குத் தாத்தா வீட்டுலதான் இருப்பாராம்."