இணையக் கடையை மூடலாம், ஏட்டைக் கிழிக்கலாமா?

2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது நம் வணிகர்களில் பலர் அவசர அவசரமாக இணையக் கடை திறந்தார்கள். சிலருக்கு அது நன்றாகவே ஓடுகிறது. சிலருக்குக் கூரியர் செலவே லாபத்தைத் தின்றுவிட, மூடிவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்கள். ஓடாத கடையை மூடுவது வியாபாரத்தில் சகஜம். மூடுகிற விதத்தில்தான் வில்லங்கம் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த மளிகை வியாபாரி ஒருவரின் மகன், மசாலாப் பொடி விற்ற இணையக் கடையை எடுத்துவிடும்படி அமைத்துக் கொடுத்தவரிடம் சொன்னார். அவரும் ஒரு பொத்தானை அழுத்தி எடுத்துவிட்டார். கடையோடு மூன்று வருட ஆர்டர்களும் பில்களும் சேர்ந்து போய்விட்டன. பிறகு ஒரு வருடத்து விற்பனைக்கு விளக்கம் கேட்டு ஜி.எஸ்.டி. அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வங்கிப் பாஸ்புத்தகத்தையும் கூரியர் ரசீதுகளையும் வைத்துக்கொண்டு, அப்பாவும் மகனும் வாரக்கணக்கில் பில்லைத் திரும்ப எழுதினார்கள்.

பழைய கணக்குப்பிள்ளைகள் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். பேரேட்டில் ஒரு வாடிக்கையாளரின் கணக்கு முடிந்தால், நேர் செய்து கோடு இழுத்துத் தேதி போடுவார்கள். பக்கத்தைக் கிழிக்க மாட்டார்கள். பக்க எண் விட்டுப்போனால் வரி அதிகாரி முதலில் கேட்பது அதைத்தான்.

கணினியிலும் இதற்கு வழி உண்டு. ‘சாஃப்ட் டெலீட்’ என்கிறார்கள். கடையின் பதிவை அழிக்காமல், அதில் ‘மூடிய தேதி’ என்று ஒரு கட்டத்தை மட்டும் நிரப்புவது. தேதி விழுந்ததும் கடை வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாது. புது ஆர்டர் ஏறாது. பழைய பில் அத்தனையும் உள்ளே இருக்கும். தேதியை எடுத்துவிட்டால் கடை மறுபடி திறந்துகொள்ளும்.

நம்மவர்கள் சிலருக்குக் கடை அமைத்துத் தரும் இளைஞர் ஒருவர் இப்படி ஒரு கருவி செய்திருக்கிறார். பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் போதும் என்றார். அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தமிழில் ஒரு தாளில் எழுதித் தரும்படி வற்புறுத்தினேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் அவருக்கே பல கேள்விகள் எழுந்தன. பணம் கட்டிச் சரக்குப் போகாத ஆர்டர் இருந்தால் கடை மறைய வேண்டுமா? கூடாது என்று முடிவாயிற்று. சரக்கு போய்ச் சேர்ந்தோ பணம் திரும்பியோ கணக்குத் தீர்ந்த பிறகே மூடும்படி மாற்றினார். மூடிய கடையின் சரக்கு கையிருப்புப் பட்டியலில் சேருமா? ஓர் அறிக்கை தேதிக் கட்டத்தைப் பார்க்காமலே கூட்டிக்கொண்டிருந்தது, அதையும் திருத்தினார். மூடிய கடையின் பெயரை வேறொருவர் கேட்டால் கொடுக்கலாமா? கொடுத்துவிட்டால் பழைய கடையைத் திரும்பத் திறக்கும்போது இடிக்கும். ஆகவே பெயர் பூட்டியே இருக்கும் என்று தாளில் ஏறிற்று. தாள் எழுதாமல் இருந்திருந்தால் இவை யாவும் ஏதோ ஒரு வியாபாரியின் தலையில் விடிந்திருக்கும்.

பெரிய நிறுவனங்களின் மென்பொருள் வைத்திருப்பவர்களும் விதியைப் படித்துக்கொள்வது நல்லது. ஷாப்பிஃபையில் கடையை முடக்கினால் விவரங்களை 2 வருடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதோடு இணைத்திருந்த வெளியார் செயலிகளின் கதை வேறு. ஒரு செயலியை நீக்கிய 48 மணி நேரத்துக்குப் பின், கடையின் விவரங்களை அழிக்கும்படி அந்தச் செயலிக்காரருக்கு அறிவிப்புப் போய்விடும். பில் போடுவதற்கென்று தனிச் செயலி வைத்திருந்தவர் அதற்கு முன்பே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். வேர்ட்பிரஸ்ஸில் குப்பைக்கூடைக்கு அனுப்பியது, அமைப்பை மாற்றாவிட்டால், 30 நாளில் தானே அழிந்துபோகும்.

சட்டம் கேட்பதோ இதைவிட அதிகம். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆவது பிரிவுப்படி, அந்த வருடத்து ஆண்டுப் படிவம் தாக்கல் செய்யும் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காக்க வேண்டும். 2023-24-க்குக் கெடு 2024 டிசம்பர் 31. ஆகவே 2023 ஏப்ரலில் போட்ட பில்லை 2030 டிசம்பர் முடிய வைத்திருக்க வேண்டும். மேல்முறையீடு இருந்தால் இன்னும் நீளலாம். ஷாப்பிஃபையின் 2 வருடம் இதற்குப் போதாது. கடையை மறைப்பதால் ஜி.எஸ்.டி. பதிவு ரத்தாகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குத் தனி விண்ணப்பம் உண்டு. ரத்துக்குப் பிறகு 3 மாதத்துக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-10 என்ற இறுதிப் படிவமும் உண்டு.

அதற்காக எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைத்துக்கொள்ளவும் முடியாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், காரியம் முடிந்த பின் வாடிக்கையாளரின் சொந்த விவரங்களை அழிக்கச் சொல்கிறது. வேறு சட்டத்துக்காக வைத்திருக்க வேண்டியவற்றுக்கு விலக்கு உண்டு. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிக் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. விளம்பரம் அனுப்பச் சேர்த்த கைபேசி எண்களும் பில்லும் ஒரே மூட்டையாக இருந்தால் பிரிப்பது கஷ்டம். இளைஞரின் கருவி இப்போதைக்கு இரண்டையும் சேர்த்தே மறைக்கிறது. பிரித்துத் தரும்படி கேட்டிருக்கிறோம்.

தாளில் இன்னொரு வரி பாக்கி இருக்கிறது. மூடிய கடையைத் திறக்கவோ அடியோடு அழிக்கவோ அதிகாரம் யாருக்கு என்பது. இப்போது அது அவர் கையில் மட்டும் இருக்கிறது. கடைக்காரரின் சம்மதம் எழுத்தில் இல்லாமல் அழிக்க முடியாதபடி வைக்கவேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். அது வேலையைத் தாமதமாக்கும் என்கிறார். தாமதமாகட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.